தடித்த தண்ணீர்

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று கிர்ஸ்ரன் சொன்னபோது நான் நம்பவில்லை. மீன் முள் ஆபத்து, இறைச்சித் துண்டு ஆபத்து என்று சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும்.

"தண்ணீர் வேகமாக ஓடும். உங்கள் கணவரின் தொண்டை மெதுவாகத்தான் மூடும். அதற்கிடையில் அது நுரையீரலுக்குள் போய்விடும்" என்றார்.

கிர்ஸ்ரன் கொம்யூனில், அதாவது எங்கள் நகரசபையில், இருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோன எர்கோதெரப்பிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களின் கையையும் வாயையும் தொண்டையையும் மறுபடி வேலை செய்யப் பழக்குவது அவருடைய தொழில்.

என் கணவர் அந்தோனிதாசனுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு பெப்ரவரியில், டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகரில் அவர் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில். இடது கை, இடது கால், வாயின் இடது பக்கம் மூன்றும் சோர்ந்துவிட்டன. பேச்சு குழறியது. தலைக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. அதனால்தான் தாகமும் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றிருந்தார்கள். ஒருநாள் அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் வலது கையால் குழாயைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டார். இருமவில்லை. நன்றாகக் குடித்துவிட்டேன் என்று வெளியே வந்து சந்தோசமாகத் தலையை ஆட்டினார். இரண்டாம் நாள் காய்ச்சல். பிறகு நிமோனியா. கருவிகளுக்கு நடுவே மார்ச் மாதம் முழுவதும் போனது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னை நடைபாதையில் நிறுத்தி, இன்னொரு தடவை இப்படி வந்தால் அவருடைய நெஞ்சு தாங்கும் என்று நினைக்க வேண்டாம் என்றார்.

அவர் இறந்து இப்போது இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அந்தச் சாவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அந்த வசந்தத்தைப் பற்றி எழுத முடிகிறது.

வயிற்றில் ஒரு குழாயோடு வீட்டுக்கு வந்தார். சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாம் அந்த வழியாகத்தான். முதல் நாள் கிர்ஸ்ரன் கதிரையை அவருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்த நாட்டில் எல்லாச் சிகிச்சைக்காரரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். உங்கள் இலக்கு என்ன?

நடக்க வேண்டும் என்பார் என்று நினைத்தேன்.

"தேத்தண்ணி" என்றார்.

நான் டேனிஷில் சொன்னேன். கிர்ஸ்ரன் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்தார். "தடிப்பாக்கிய தேநீரா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். வலது கையால் காற்றில் ஒரு கோப்பையைப் பிடித்துக் காட்டினார்.

"அது பெரிய இலக்கு. நடப்பதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம்" என்றார் கிர்ஸ்ரன். "சரி. இன்றைக்கு எச்சில்."

அன்று முழுக்க எச்சில்தான். நிமிர்ந்து உட்கார வேண்டும். நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். விழுங்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் இன்னொரு தடவை விழுங்க வேண்டும். பிறகு நீட்டி ஏதாவது சொல்ல வேண்டும். குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்டால் ஏதோ மூச்சுக்குழாயின் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும். டேனிஷ்காரர் 'ஆ' என்பார்களாம். என் கணவர் 'ஆமென்' என்றார். கிர்ஸ்ரனுக்கு அதுவும் சரியாகத்தான் இருந்தது.

எச்சிலுக்குப் பிறகு ஈரப் பஞ்சு. அதற்குப் பிறகு, ஒரு மாவைக் கரைத்து ஜெலியைப்போல இறுக்கிய தண்ணீர், தேக்கரண்டி நுனியில். அது நின்று பிடித்தால் மாவைக் கொஞ்சம் குறைத்துத் தேன் பதம். அதுவும் பிடித்தால் சிரப் பதம். ஒவ்வொரு பதத்திலும் பல நாள் நிற்க வேண்டும். கிர்ஸ்ரன் கிழமை நாட்களில் காலையில் வந்தார். மற்ற நேரமெல்லாம் நான்தான். முதியோர் இல்லத்தில் என் வேலையைப் பின்னேர முறைக்கு மாற்றிக்கொண்டேன். நான் போனபின் எங்கள் மகள் நிறோஷினி ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் இருந்து வந்து பார்த்துக்கொண்டாள்.

ஒரு கரண்டி கொடுத்துவிட்டு அந்த 'ஆமென்' வரும்வரை காத்திருப்பேன். நான் மூச்சை விடாமல் இருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நீர்... விழுங்கும்" என்றார் ஒருநாள், என் தொண்டையைக் காட்டி.

அவருடைய தொழிற்சாலைக் கூட்டாளி சிறீஸ்கந்தராசா சனிக்கிழமைகளில் வருவார். முதல் தடவை அந்தத் தண்ணீரைக் கண்டு, "இதென்ன மச்சான், நோட்டீஸ் ஒட்டுற பசையோ?" என்று கேட்டார்.

"ஓம்... உன்ர... வாய்க்கு" என்றார் இவர்.

சிறீஸ்கந்தராசா அண்ணை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. தனக்கும் பசை போடச் சொல்லி முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

வீட்டில் தண்ணீரின் சத்தமே கேட்காமல் பார்த்துக்கொண்டேன். குசினிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் குழாயைத் திறப்பேன். தண்ணீர் கண்ணில் படாதபடி பூச்சாடிகளை எடுத்துவிட்டேன். என் தேத்தண்ணியைக் குளியலறையில் நின்று குடித்தேன். அப்படியும் ஒரு மழை நாளில் அவர் யன்னல் கண்ணாடியில் வழிந்த நீரை வலது விரலால் உள்பக்கத்தில் இருந்து தொட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

மே மாதத்தில் தேன் பதத்தில் இருமல் வந்தது. கிர்ஸ்ரன் மறுபடி ஜெலிக்குப் போகச் சொன்னார். என் கணவர் கரண்டியைத் தட்டிவிட்டார். அது சுவரில் பட்டு விழுந்தது. கிர்ஸ்ரன் அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல ஜெலியை அள்ளி நீட்டினார். அவர் வாயைத் திறக்கவில்லை. கிர்ஸ்ரன் கையை இறக்கவும் இல்லை. கடைசியில் திறந்தார்.

ஜூன் முடிவில் சிரப் பதத்துக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் கமராப் பரிசோதனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மூக்கு வழியாக மெல்லிய கமராவை விட்டு, விழுங்கும்போது என்ன நடக்கிறதென்று திரையில் பார்ப்பார்கள். தடிப்பில்லாத தண்ணீர் சரியான வழியில் போனால் மேலே போகலாம், வயிற்றுக் குழாயையும் பிறகு எடுக்கலாம். போகாவிட்டால் இதுதான் எல்லை என்று முடிவெடுத்துக் கொம்யூன் பயிற்சியை நிறுத்திவிடும். அடுத்த கிழமை கிர்ஸ்ரன் கோடை விடுமுறையில் போகிறார். அந்தச் செவ்வாயைத் தவறவிட்டால் எப்போது கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு முந்திய சனிக்கிழமை மேரிகிறேஸ் மச்சாள் வந்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. ஸ்கீவ என்ற ஊரில் இருக்கிறார். அங்கே செபமாலை என்றால் மச்சாள்தான் முன்னுக்கு. தமிழ்ச் சனத்தோடு பஸ்ஸில் பிரான்சில் உள்ள லூர்துக்கு யாத்திரை போய், தம்பிக்காக நேர்ந்துவிட்டுத் திரும்பியிருந்தார். கையில் மாதா வடிவத்தில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல். நீல முடிதான் மூடி. உள்ளே லூர்து மாதா கோவில் ஊற்றுத் தண்ணீர்.

"பஸ்ஸில இருந்து இருந்து எனக்கு இடுப்புப் போட்டுது. ஆனா இதை ஒருத்தரிட்டயும் குடுக்கேல்லை. மடியிலயே வைச்சுக்கொண்டு வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு நேரே தம்பிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

போத்தலைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

"மச்சாள், அவரின்ர நெத்தியில பூசிவிடுங்கோ. வாயில வேண்டாம்."

"நோய் தொண்டையில. மருந்து நெத்தியிலயோ?"

"டொக்டர் தண்ணி குடுக்கக்கூடாதெண்டவர். செவ்வாய்க்கிழமை கமரா வைச்சுப் பாக்கினம். அதுமட்டும் பொறுங்கோ."

"டொக்டர் சொன்னது குழாய்த் தண்ணியை. இது குழாய்த் தண்ணியோ?"

நிறோஷினி சுவரில் சாய்ந்து நின்றாள். நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று டேனிஷில், எனக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

மச்சாள் திரும்பினார். "எனக்கு டேனிஷ் விளங்காதெண்டு நினைச்சியோ பிள்ளை? நீ பிறக்க முன்னமே நான் ஸ்கீவக் கிழவியளிட்ட டேனிஷில பேச்சு வாங்கினனான்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் சாய்ந்து அசைந்தது. பெப்ரவரிக்குப் பிறகு அந்த இரண்டு வாயைத் தவிர அவர் தண்ணீர் குடித்ததில்லை. அதோடு அவர் அதை நம்புகிற மனிதர். நோய் வருமுன் அந்தப் பஸ்ஸில் தானும் போவதாக இருந்தவர்.

இல்லை என்று சொல்லிப் போத்தலைத் திருப்பிக் கொடுக்க எனக்கு முடியவில்லை. அதை அவருக்குக் குடிக்கக் கொடுக்கவும் முடியாது. மா டப்பாவையும் ஒரு கிளாசையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன்.

"இதுக்குள்ள விடுங்கோ மச்சாள். கரைச்சுக் குடுப்பம்."

மச்சாள் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாதாவின்ர தண்ணிக்குள்ள மா போடப்போறியோ? நீ என்ன, கூழ் காய்ச்சப்போறியோ?"

"தண்ணி அதே தண்ணிதானே. போற வேகம்தான் குறையும்."

"நம்பிக்கை இல்லாத வீட்டில எந்தத் தீர்த்தம் வேலை செய்யும் விக்ரோரியா?"

நான் டப்பாவைத் திறக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மச்சாள் நீல முடியைக் கழற்றி, அதற்குள் தண்ணீரை ஊற்றித் தம்பியின் உதட்டில் வைத்திருந்தார். பலவந்தம் ஒன்றும் இல்லை. அவர்தான் வாயைத் திறந்தார்.

மூடி வெறுமையாக வெளியே வந்தது. அவருடைய வலது கன்னம் சற்று உப்பியிருந்தது. தண்ணீர் வாய்க்குள் இருந்தது. அவர் இன்னும் விழுங்கவில்லை.

நான் வேண்டாம் என்று கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு விழுங்கிவிடுவார் என்று பயந்தேன். கரண்டியைக் கீழே வைக்கவும் பயந்தேன். நிறோஷினி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கீழே முற்றத்தில் யாரோ சைக்கிள் மணியை அடித்தார்கள்.

"விழுங்கு தம்பி. மாதா இருக்கிறா" என்று மச்சாள் மெதுவாகச் சொல்லிவிட்டு, அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார்.

அவர் நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். விழுங்கப்போகிறவர் அப்படித்தான் செய்வார். கண்கள் என்னிடம் வந்தன. எனக்கு எந்தச் செய்கையும் காட்ட வரவில்லை. செபம் போய்க்கொண்டே இருந்தது. மச்சாள் முடித்து, ஆமென் சொல்லிவிட்டு அவருடைய தொண்டையைப் பார்த்தார். அது அசையவில்லை.

அவர் வலது கையைத் தூக்கித் தோளில் கிடந்த துவாயை இழுத்தார். வாயருகே கொண்டுபோய், குனிந்தபடி, தண்ணீரை அதற்குள் விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும். கடைசியில் ஒரு தடவை இருமினார்.

"அக்கா..." என்றார். "குறை... நினைக்காதை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மா... போடும்."

மச்சாள் மூடியைப் பிடித்தபடி இருந்தார். முகத்தில் கோபம் இருக்கவில்லை. அடித்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி இருந்தது. நான் துவாயை வாங்கினேன்.

"அதைத் தா" என்றார். "மெசினுக்குள்ள போடாதை. அது மந்திரிச்ச தண்ணி மாதிரி. சாக்கடையில போகக்கூடாது."

துவாயை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார். செடிச் சட்டிக்கு மேலே பிடித்துப் பிழிந்தார். பிழிய ஒன்றும் வராத பிறகும் பிழிந்துகொண்டு நின்றார்.

நான் மிச்சத் தண்ணீரில் மாவைக் கரைத்தேன். அவசரத்தில் சரியாகக் கலக்கவில்லை. ஒரு கரண்டி கொடுத்தேன். நாடி கீழே. விழுங்கினார். மறுபடி விழுங்கினார். "ஆமென்." குரல் உலர்ந்து, சுத்தமாக இருந்தது. இன்னொரு கரண்டி. மச்சாள் பல்கனிக் கதவில் நின்று பார்த்தார். நான்காவதோ ஐந்தாவதோ முடிந்தபோது பக்கத்தில் வந்து கிளாசுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கட்டி கட்டியாக் கிடக்கு" என்றார். "வடிவாக் கரைக்கத் தெரியாதோ உனக்கு?"

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அந்த ஒரு இருமல் எனக்கு நிம்மதி தரவில்லை. துளியாவது உள்ளே போயிருக்குமா? ஆஸ்பத்திரியில் அவர் இருமாமலே நிமோனியா வந்தது. இப்போது இருமியிருக்கிறார். எது நல்லது, எது கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் பார்க்கிற கருவியை அவர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் அதில் வெப்பம் சற்று ஏறியது.

நிறோஷினி போனைக் கையில் எடுத்துவிட்டாள். "அம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்க வேண்டும்" என்று டேனிஷில் சொன்னாள்.

"வேண்டாம்" என்றார் அவர்.

"இஞ்சருங்கோ, போன முறை இப்பிடித்தான் துவங்கினது" என்றேன்.

"எடுத்தா... மறிச்சு... வைப்பினம். செவ்வாய்... போயிடும்."

"செவ்வாய் போனா வேற செவ்வாய் வரும். நீங்கள் போனா?"

அவர் நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, ஒன்றும் இல்லாத வாயால் விழுங்கி, இன்னொரு தடவை விழுங்கி, "ஆமென்" என்றார். ஈரம் இல்லை. மறுபடியும் சொன்னார். இல்லை. தன்னுடைய பயிற்சியைத் தனக்குச் சாட்சியாகக் கூப்பிடுவதுபோல இருந்தது.

நிறோஷினிதான் முதலில் கவனித்தாள். அவர் உட்கார்ந்திருந்த கதிரையில் பல்கனி வெயில் நேரே விழுந்துகொண்டிருந்தது. நெற்றி வேர்த்திருந்தது. கதிரையை நிழலுக்குத் தள்ளினோம். மேற்சட்டையைக் கழற்றினோம். ஒரு மணித்தியாலம் பார்ப்போம், இறங்காவிட்டால் நான் யாரையும் கேட்காமல் போன் எடுப்பேன் என்றேன். மகள் போனைக் கீழே வைக்காமல் பக்கத்தில் இருந்தாள். அவருடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். கருவியை மறுபடி வைத்தபோது இறங்கியிருந்தது.

திங்கள் காலை கிர்ஸ்ரன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். முதலில் என் கணவரின் முதுகில் ஸ்ரெதஸ்கோப்பை வைத்து மூச்சைக் கேட்கத் தாதிக்குப் போன் செய்து வரவழைத்தார். தாதி கேட்டுவிட்டு நெஞ்சு சுத்தம் என்றார். அதற்குப் பிறகுதான் கிர்ஸ்ரன் உட்கார்ந்தார்.

"வாயில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்?"

"ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம்."

"அது எவ்வளவு?"

கிர்ஸ்ரன் கோவிலுக்குப் போகிறவர் இல்லை. நான் செபத்தைச் சொன்னேன், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சாள் சொன்ன அதே வேகத்தில், அவசரப்படாமல், இறுதிவரை சொன்னேன். முடிந்தபின்பும் அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்ரலில் அவருடைய நாக்கால் தன் எச்சிலைக்கூடத் தடுத்து வைக்க முடியவில்லை" என்றார். "தடிப்பில்லாத தண்ணீரை இவ்வளவு நேரம். அதோடு தானாகவே வெளியே விட்டிருக்கிறார்." பிறகு என் கணவரிடம் திரும்பி, "நாளைக்கு நானும் வருகிறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் சோதனை செய்த டொக்டர் இளம் பெண். நோயாளிக்குப் பிடித்த பானம் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் பிளாஸ்கில் பால் தேத்தண்ணி கொண்டுபோனேன். அதை என் கணவருக்குச் சொல்லவில்லை. பையின் அடியில் வைத்திருந்தேன்.

கமரா மூக்கு வழியாக இறங்கியபோது அவர் என் கையைப் பிடித்தார். திரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஈரமான ஒரு குகை தெரிந்தது. முன்னால் தெரிவது மூச்சுக்குழாய், பின்னால்தான் சாப்பாட்டு வழி என்று கிர்ஸ்ரன் என் காதுக்குள் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வரம்பு. அந்த வரம்பைத் தாண்டக்கூடாது. அத்தனை மாதமாக நான் குரலில் தேடிக்கொண்டிருந்த இடத்தை அப்போதுதான் கண்டேன்.

சிரப் பதம் போனது. பிறகு டொக்டர் கரண்டியில் வெறும் தண்ணீர் கொடுத்தார். திரையில் தெரிவதற்காகப் பச்சை நிறம் கலந்திருந்தார்கள். பச்சை ஓடி வந்தது. வரம்பின் விளிம்பில் வந்து நின்றது. திரை ஒருகணம் வெள்ளையானது. விழுங்கும்போது அப்படித்தான் ஒன்றும் தெரியாமல் போகுமாம். மறுபடி தெரிந்தபோது விளிம்பில் இன்னும் ஒரு துளி பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கை அவருடைய கைக்குள் நசுங்கியது.

யாரும் சொல்லாமல் அவர் இரண்டாவது தடவை விழுங்கினார். திரை வெள்ளையானது. தெரிந்தது. பச்சை இல்லை.

"அதை உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?" என்று டொக்டர் கேட்டார். கிர்ஸ்ரன் சுவரைப் பார்த்தார்.

"கொண்டுவந்ததை எடுங்கள்" என்றார் டொக்டர்.

நான் பிளாஸ்கைத் திறந்தேன். ஏலக்காய் வாசம் கமராவைத் தாண்டி அவருக்குப் போயிருக்க வேண்டும். தலையைத் திருப்பப் பார்த்தார், டொக்டர் அசைய வேண்டாம் என்றார். ஆறியபின் தேத்தண்ணிக்குள்ளும் பச்சையை விட்டார்கள். அது குளத்துப் பாசி நிறத்துக்கு மாறியது. கோப்பையை அவருடைய வலது கையில் கொடுத்தேன்.

சின்ன மிடறு. நாடி கீழே. திரை வெள்ளையானது. அவர் கேட்காமலே இரண்டாவது தடவையும் விழுங்கினார். நாங்கள் நால்வரும் திரையைப் பார்த்தோம். வரம்பு சுத்தமாக இருந்தது. இன்னொரு மிடறு. கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவர் தானே செருமி அதை வெளியேற்றி, விழுங்கினார். சுத்தம்.

"நல்லது. போதும், எனக்குத் தேவையானதைப் பார்த்துவிட்டேன்" என்று டொக்டர் கோப்பையை வாங்கக் கையை நீட்டினார்.

அவர் கொடுக்கவில்லை. மூக்கில் கமராவோடு, கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழறாமல் சொல்வதற்காக ஒவ்வொரு சொல்லாக, டேனிஷில் சொன்னார்.

"நான் இன்னும் முடிக்கவில்லை."

டொக்டர் கிர்ஸ்ரனைப் பார்த்தார். கிர்ஸ்ரன் தோளைக் குலுக்கினார். டொக்டர் கையை இறக்கிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினார். என் கணவர் நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார்.